விரிசல் எங்கே பிறக்கிறது?

    

இன்றைய பேச்சு வண்டியின் முன் கண்ணாடியைப் பற்றியது. உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி போடுகிறோம். இரண்டு நாளில் அதிலும் விரிசல் விழுகிறது. "கண்ணாடி சரியில்லை" என்கிறோம். "நம் நேரம் சரியில்லை" என்றும் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அந்த விரிசல் எங்கே பிறந்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வாகட் வழியே போகும் சாலை

புனே நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வாகட். பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. பக்கத்திலேயே ஹிஞ்சவாடி. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைய உண்டு. வாகட் வழியாகத்தான் பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போகும் பெரிய சாலை போகிறது. இன்று அதற்கு 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். வாகட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மும்பை விரைவுச் சாலை தொடங்கிவிடும்.

இந்தச் சாலையில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டு லாரிகள் வருவது தெரியும். நாமக்கல் லாரி வரும். சங்ககிரி லாரி வரும். திருச்செங்கோட்டு லாரியும் வரும். சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. இங்கே விரத நாளில் ஜவ்வரிசியில் உப்புமா போலக் கிச்சடி செய்து சாப்பிடுவார்கள்.

அப்படி ஒரு லாரியை மனத்தில் நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் நாமக்கல் பக்கத்து இளைஞர். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினார். கிருஷ்ணகிரி, பெங்களூர் தாண்டினார். ஹூப்ளி வரும் முன் முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்தது. கண்ணாடி போயிற்று. வழியில் ஒரு கடையில் புதுக் கண்ணாடி போட்டார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. ஆனால் சாத்தாரா தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது, கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு கோடு தெரிந்தது. வாகட் வருவதற்குள் அந்தக் கோடு ஒரு முழம் வளர்ந்துவிட்டது.

இப்போது கல் எதுவும் படவில்லை. பிறகு ஏன் விரிசல்?

வாகட்டில் சாலையோரம் ஒரு கண்ணாடிக் கடை. அங்கே வேலை செய்யும் மிஸ்திரி வேலூர்ப் பக்கத்துக்காரர். வயதானவர். ஓட்டுநர் அவரிடம் போனார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு நாளைக்கு முன்னாலதான் போட்டேனுங்க. கல்லும் படல, ஒண்ணும் படல. பாருங்க, எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு!"

மிஸ்திரி விரிசலைப் பார்க்கவில்லை. விரிசல் தொடங்கிய மூலையைப் பார்த்தார். ரப்பரை விலக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது ரோட்டுல வந்த விரிசல் இல்லை. கண்ணாடி போட்ட அன்னிக்கே வந்தது. நீ பார்த்ததுதான் இன்னிக்கு."

அவர் சொன்னது சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

கண்ணாடியின் குணம்

துணிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் முதலில் கத்தரியால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டுவார். பிறகு இரண்டு கையாலும் இழுப்பார். சர்ரென்று கடைசிவரை கிழியும். அந்தச் சிறு வெட்டு இல்லாமல் இழுத்தால் துணி லேசில் கிழியாது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு இருப்பதும் இதற்காகத்தான்.

கண்ணாடியும் அப்படியே. கண்ணாடியை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால், வளைத்தால் தாங்காது. அதன் ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தால் போதும். வளையும்போது அந்த இழுவை முழுதும் அந்தச் சில்லின் நுனியில் போய்க் குவியும். அங்கிருந்து விரிசல் ஓடத் தொடங்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களால்தான் கண்ணாடி பலம் இழக்கிறது என்று அவர் காட்டினார்.

வண்டியின் முன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. அது இரண்டு கண்ணாடித் தகடுகள் சேர்ந்தது. நடுவில் தெளிவான, இழுபடும் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். இட்லி இரண்டுக்கு நடுவே சட்னி வைத்து ஒட்டியது போல என்று சொல்லலாம். இதை லேமினேட் கண்ணாடி என்பார்கள். உடைந்தாலும் துண்டுகள் அந்தத் தாளில் ஒட்டிக்கொள்ளும். முகத்தில் பாயாது.

இது வந்த கதையும் சுவையானது. பிரான்சு நாட்டில் பெனடிக்டஸ் என்ற ஒரு வேதியியல் அறிஞர் இருந்தார். 1903-இல் அவர் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. உடைந்தது; ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் வைத்திருந்த ஒரு திரவம் உள்ளே தோல் போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தத் தோல்தான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டது என்று கதை சொல்வார்கள். 1909-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அவற்றின் 100-ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன் கண்ணாடி லேமினேட் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். அதன் வழியே குறைந்தது நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சம் வர வேண்டும் என்று அது சொல்கிறது.

சரி. மூலையில் சில்லு எப்படிப் பெயர்கிறது? கண்ணாடி எப்படி வளைகிறது? இரண்டும் கண்ணாடி மாற்றும் வேளையில்தான் நடக்கின்றன. வாகட் மிஸ்திரி செய்த வேலையைப் பின்தொடர்ந்து போவோம்.

வேலைக்கு முன்னால்

மிஸ்திரி முதலில் லாரியை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு சக்கரம் பள்ளத்துல நிக்குது பாரு. கேபின் முறுக்கிக்கிட்டு இருக்கும். அப்ப கண்ணாடி போட்டா, வண்டி நேரா நின்னதும் கண்ணாடி முறுக்கும்."

லாரி சமதரையில், நிழலில் நின்றது. அப்புறம் வைப்பர் கைகளைக் கழற்றினார். பலர் வைப்பரின் ரப்பரை மட்டும் கழற்றிவிட்டு, இரும்புக் கையை நிமிர்த்தி வைப்பார்கள். அந்தக் கை ஸ்பிரிங்கில் இருக்கிறது. டப்பென்று மடங்கினால் புதுக் கண்ணாடியில் சுத்தியலால் அடித்தது போலத்தான். கழற்ற முடியாவிட்டால் கீழே மடித்த சாக்கையாவது போட வேண்டும்.

புதுக் கண்ணாடி வந்தது. அதை வெறும் தரையில் வைக்கவில்லை. பழைய டயர் டியூபை விரித்து, அதன்மேல் நிறுத்தினார்கள். சிமெண்டுத் தரையில் மூலையைத் தட்டி நிறுத்துவதுதான் பல கண்ணாடிகளுக்கு எமன். கண்ணாடியைத் தூக்கும்போது இருவர் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று முறுக்கக் கூடாது.

பிறகு மிஸ்திரி கண்ணாடியின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்த்தார். சில்லு பெயர்ந்த கண்ணாடியைப் போடவே கூடாது. இன்று சிறு சில்லு. நாளை பெரிய விரிசல். கடையிலேயே பார்த்தால் மாற்றித் தருவார்கள். போட்ட பிறகு சொன்னால் யார் கேட்பார்கள்?

சட்டத்தைப் பார்

பழைய கண்ணாடியை எடுத்தார்கள். உள்ளே இரும்புச் சட்டம் தெரிந்தது. கதவுக்கு நிலை இருப்பது போலக் கண்ணாடிக்கு இந்தச் சட்டம். மிஸ்திரி ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு தம்பி. துரு கட்டி மேடா இருக்கு. இந்த மேடுதான் அந்த மூலையில குத்திக்கிட்டு இருந்தது."

விரிசல் தொடங்கிய இடமும் அந்த மேடும் ஒன்றாகவே இருந்தன.

முட்டையை உள்ளங்கையில் வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கிப் பாருங்கள். லேசில் உடையாது. பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் உடைந்துவிடும். கண்ணாடியையும் சட்டம் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்க வேண்டும். ஓரிடத்தில் இரும்பு குத்தினால், பள்ளத்தில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அது முட்டையைத் தட்டுவது போலாகும்.

அதனால் துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். வளைந்த சட்டத்தை நேராக்க வேண்டும். துரு எடுத்த இடத்தில் பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்த பிறகே கண்ணாடி.

இந்த வேலைக்கு நேரம் ஆகும். முதல் கடையில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கயிற்றால் போடும் கண்ணாடி

பல லாரிகளிலும் பழைய பேருந்துகளிலும் கண்ணாடியை ரப்பர் பீடிங் பிடித்திருக்கும். அதைப் போடும் முறை இது.

பழைய ரப்பரை மறுபடி போடக் கூடாது. வெயிலில் காய்ந்த ரப்பர் கல்லாகியிருக்கும். அது குலுக்கலைத் தாங்காது. புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். ரப்பரின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் மெல்லிய, உறுதியான கயிற்றைச் சுற்றிலும் பதிக்க வேண்டும். கயிற்றின் இரு நுனிகளும் கீழே நடுவில் ஒன்றைத் தாண்டி ஒன்று வர வேண்டும்.

ரப்பரிலும் சட்டத்திலும் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். டீசலோ ஆயிலோ தடவக் கூடாது. அவை ரப்பரைக் கெடுத்துவிடும்.

இருவர் கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் வைப்பார்கள். ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்து கயிற்றை மெல்ல உள்பக்கம் இழுப்பார். கயிறு வரவர, ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்ளே வரும். வெளியில் இருப்பவர் அதே இடத்தில் உள்ளங்கையால் அழுத்துவார். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

மூலையில் கயிறு இறுகும். ஓட்டுநருக்கு அவசரம். அவர் சொன்னார்: "சுத்தியல் தரட்டுங்களாண்ணா? ஒரு தட்டு தட்டினா உக்காந்துக்குமுங்க."

மிஸ்திரி சிரித்தார். "அந்த ஒரு தட்டுக்குத்தான் தம்பி நீ இப்ப ரெண்டாவது கண்ணாடி வாங்கியிருக்கே."

மூலையில் இறுகினால் இழுப்பதை நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட வேண்டும். வெளியே நன்றாக அழுத்தச் சொல்லி, மறுபடி மெல்ல இழுக்க வேண்டும். முஷ்டியால் குத்தக் கூடாது. திருப்புளியால் நெம்பக் கூடாது. திருப்புளி நுனி ஓரத்தில் பட்டால் அங்கேதான் விரிசல் பிறக்கும்.

பசையால் ஒட்டும் கண்ணாடி

கார்களில் கயிறு முறை இல்லை. கறுப்புப் பசையால் கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். புதிய லாரி, பேருந்துகளிலும் இது வந்துவிட்டது. கடைகளில் இதைப் பி.யு. பசை என்பார்கள்.

இங்கே கண்ணாடி வெறும் மறைப்பு அல்ல. அது வண்டிக் கூட்டின் ஒரு பகுதி. கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க அதுவும் உதவுகிறது. 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் காற்றுப் பை கட்டாயம். பல கார்களில் பக்கத்து இருக்கையின் காற்றுப் பை விரியும்போது முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டுதான் நிற்கும். பசை பிடிக்காத கண்ணாடி அப்போது பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆக, இதில் உயிரும் அடங்கியிருக்கிறது.

பழைய பசையை மெல்லிய கம்பியால் அல்லது அதற்கான கத்தியால் அறுப்பார்கள். சட்டத்தில் பழைய பசையை முழுதும் சுரண்டத் தேவையில்லை. உறுதியாக ஒட்டியிருந்தால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுவிடலாம். புதுப் பசை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். பெயிண்டில் கீறல் விழுந்தால் பிரைமர் பூச வேண்டும். இல்லாவிட்டால் அங்கே துரு வரும்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும். அது அழகுக்கு அல்ல. வெயில் பசையைக் கெடுக்காமல் காப்பது அதுதான். அந்த இடத்தை வெறும் கையால் தொடக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் ஒட்டு பிடிக்காது.

பசையை அறுபடாமல், ஒரே உயரமாகச் சுற்றிலும் இட வேண்டும். பிறகு கண்ணாடியை இருவர் பிடித்துச் சரியான இடத்தில் ஒரே முறையில் வைக்க வேண்டும். எங்கும் கண்ணாடி இரும்பைத் தொடக் கூடாது. பசை உயரம் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்தால் கண்ணாடி வளைந்தே நிற்கும். வளைந்து நிற்கும் கண்ணாடி விரிசலுக்குக் காத்திருக்கும் கண்ணாடி.

சில புதிய கார்களில் முன் கண்ணாடிக்குப் பின்னால் சிறு கேமரா இருக்கும். கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

படித்தவருக்கு ஒரு பயன்

எழுத்தும் எண்ணும் கற்றது எதற்கு? இது போன்ற வேளைக்குத்தான்.

கண்ணாடியின் மூலையில் சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் 2553 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிகளின் பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிறுவனம் கொடுத்த எண் அது.

பசைக் குழாயிலும் எழுதியிருக்கும். எந்த மாதம், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று இருக்கும். நாள் கடந்த பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பிறகு எத்தனை மணி நேரம் வண்டியை எடுக்கக் கூடாது என்பதும் அதிலோ கூட வரும் தாளிலோ இருக்கும். ஒரு பசைக்கு ஒரு மணி நேரம் போதும். இன்னொன்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. புனேயின் குளிர்காலத்தில் இரவுக் காற்று குளிர்ந்தும் வறண்டும் இருக்கும். அப்போது இன்னும் தாமதமாகும்.

எழுத்து ஆங்கிலத்தில் இருக்கலாம். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். தெரியாததைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னொரு தாளையும் படியுங்கள். அது இன்சூரன்ஸ் தாள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் கண்ணாடிக்குப் பணம் வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் உடைந்த கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டுப் பிறகு கேட்டால் சிக்கல்தான். பணம் வாங்கினால் அடுத்த ஆண்டு கிடைக்கும் தள்ளுபடி போகலாம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்த பிறகு

கண்ணாடி போட்டாயிற்று. இனி நம் கையில் இருப்பது என்ன?

ஒட்டிய கண்ணாடியாக இருந்தால், முதல் நாள் பக்கத்துக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கதவை டமால் என்று சாத்தினால் உள்ளே உள்ள காற்று முன் கண்ணாடியைத் தள்ளும். ஈரப் பசை நகர்ந்துவிடும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை ஓரிரு நாள் தள்ளிப் போடுங்கள். பசை இறுகும்வரை ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் நின்ற கண்ணாடி சட்டி போலச் சுட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான விளக்குச் சிமினியில் தண்ணீர்த் துளி பட்டால் என்ன ஆகும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதேதான் இங்கும் நடக்கும். ஓரத்தில் சிறு சில்லு இருந்தால் உடனே ஓடிவிடும்.

கல் பட்டுச் சிறு பொட்டு விழுந்தால் அன்றே பாருங்கள். அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரத்திலிருந்தும் ஓட்டுநரின் பார்வைக்கு நேரிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிசின் விட்டு அடைக்கலாம். கண்ணாடி மாற்றும் செலவு மிச்சம். ஈரமும் தூசியும் புகுந்த பிறகு அடைப்பது கடினம்.

விரிசலோடு ஓட்டாதீர்கள். பகலில் பழகிவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அந்தக் கோட்டில் பட்டுச் சிதறும். அந்த ஒரு நொடியில் சாலையைக் கடப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்.

சாவகாசம்

ஜவ்வரிசி லாரியின் வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் பல நாள் பேட்டாவை இழந்திருந்தார். முதல் கடையில் மிச்சமான அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

"அங்கேயே பொறுமையா நின்னு பார்த்திருக்கணுமுங்கண்ணா" என்றார்.

மிஸ்திரியின் மராட்டிக் கூட்டாளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சாவ்காஷ் ஜா" என்றார்.

ஓட்டுநருக்கு மராட்டி தெரியாது. ஆனால் புரிந்தது. "மெதுவாகப் போய் வா" என்று அவர் சொன்னார். நாமும் "சாவகாசமாகச் செய்" என்கிறோம் அல்லவா? அதே சொல்தான். இரண்டு ஊருக்கும் பொதுவான சொல். கண்ணாடி வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

எனவே நண்பர்களே, அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது டீக்கடையில் போய் உட்காராதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். ஓரத்தைப் பாருங்கள். சட்டத்தைப் பாருங்கள். எண்ணைப் படியுங்கள். சுத்தியலை எடுத்தால் கையைப் பிடியுங்கள்.



கூடிப் பேசுவோம்

1. துணிக்கடைக்காரர் ஓரத்தில் சிறு வெட்டு வெட்டுவது ஏன்? கண்ணாடிக்கும் அதற்கும் என்ன ஒற்றுமை?
2. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னது எதற்காக?
3. சட்டத்தில் துரு இருந்தால் கண்ணாடிக்கு என்ன கேடு?
4. உங்கள் வண்டியின் முன் கண்ணாடி மூலையில் என்ன எழுதியிருக்கிறது? பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.